கட்டடத்துக்கு முன் தொல்லியல் மதிப்பீடு: வெறும் கையெழுத்துச் சடங்கா?

கேள்வி | மார்ச் 3, மாலை 6.15

இடம் வாங்கியாச்சு, வரைபடம் போட்டாச்சு, வங்கியும் தலையாட்டிவிட்டது. இப்போது வந்து திட்ட ஆலோசகர் "தொல்லியல், பண்பாட்டு மதிப்பீடு ஒன்று எடுக்க வேண்டும்" என்கிறார். பக்கத்தில் கோட்டை கிடையாது, பழைய கட்டடம் கிடையாது. முள்செடி முளைத்த காலி மனை. யாரோ வந்து சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுப்பதற்கு எதற்கு இத்தனை நாள், இத்தனை செலவு? கையெழுத்துக்காகச் செய்கிற சடங்கு என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படியே ஏதாவது கிடைத்தால் மனை கையை விட்டுப் போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 10.40

பல இடங்களில் சடங்காகத்தான் நடக்கிறது, மறுக்கவில்லை. அதைச் சடங்காக்குவது எது என்பது உங்கள் கேள்வியின் முதல் வரியிலேயே இருக்கிறது: வரைபடம் போட்டாச்சு. பேஸ்மென்ட் எத்தனை அடி, பைல் (ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்) எங்கெங்கே என்று எல்லாம் முடிவான பிறகு மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், வருகிற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? கோப்பில் சேர்ப்பீர்கள், அவ்வளவுதான்.

நான் இந்த வேலையில் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். முதலில் கட்டுகிறவர்கள் பக்கம், இப்போது மதிப்பீடு எழுதுகிற பக்கம். எனவே இரண்டு பக்கத்துத் திட்டும் எனக்குப் பழக்கம்.

முதல் கட்டத்தில் யாரும் மண்வெட்டியைத் தொடுவதில்லை. பழைய நில வரைபடங்கள், வான்வழிப் படங்கள், சுற்று வட்டாரத்தில் முன்பு கிடைத்தவற்றின் பதிவுகள், பக்கத்து மனைகளில் மண் பரிசோதனைக்குத் துளையிட்ட அறிக்கைகள், இவற்றை உட்கார்ந்து படிப்பது. அடுத்தது மனையை நடந்து பார்ப்பது. பல மனைகளுக்குக் கதை இதோடு முடிந்துவிடும். சந்தேகம் மிஞ்சினால்தான் சோதனைக் குழி. அதில் ஏதாவது தென்பட்டால், கட்டடத்தைக் கொஞ்சம் நகர்த்துவதா, அஸ்திவாரத்தை மாற்றிக் கீழே இருப்பதை அப்படியே விடுவதா, முறையாக அகழ்ந்து பதிவு செய்துவிட்டுக் கட்டுவதா என்று பேச்சு நடக்கும். மனையே போய்விடுவது அபூர்வம். காலமும் காசும் போவது அபூர்வமில்லை, அதுவும் தாமதமாகக் கேட்டால்.

மார்ச் 4, காலை 7.05

"காலி மனை" என்ற சொல் இரவு முழுக்க மண்டைக்குள் ஓடியது. அதற்கு ஒரு கதை இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

நியூயார்க், கீழ் மன்ஹாட்டன், 1991. பிராட்வே 290-இல் 34 மாடியில் ஒரு அரசு அலுவலகக் கட்டடம் வருகிறது. கட்டுவது அமெரிக்க மத்திய அரசு என்பதால், 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்கூட்டியே மதிப்பீடு செய்தாக வேண்டும். செய்தார்கள். அந்த இடம் கறுப்பின மக்களின் இடுகாடு என்று 18-ஆம் நூற்றாண்டு வரைபடத்திலேயே குறித்திருந்தது. அறிக்கை எழுதியவர்களும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பின்னால் வந்த கட்டடங்களின் பேஸ்மென்ட்டுகள் எல்லாவற்றையும் அழித்திருக்கும், பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது என்று முடிவு செய்தார்கள்.

அங்கே பழைய காலத்தில் நிலம் பள்ளமாக இருந்தது. நகரம் வளர்ந்தபோது அதை மண் கொட்டி மேடாக்கினார்கள், சில இடங்களில் 20 அடிக்கும் மேலே. பேஸ்மென்ட்டுகள் தோண்டியது அந்த நிரப்பு மண்ணைத்தான். இடுகாடு அதற்கும் அடியில் பத்திரமாக இருந்தது. 419 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்கள் மொத்தம் 15,000 பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. வேலை ஒரு பக்கம் அவசரமாக நடக்க, கறுப்பின மக்கள் தெருவுக்கு வந்தார்கள், விஷயம் நாடாளுமன்றக் குழு வரை போனது, கட்டடத்தின் ஒரு பகுதியையே கைவிட்டார்கள். எலும்புகள் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்டு 2003 அக்டோபரில் அதே இடத்தில் மறுபடி அடக்கம் செய்யப்பட்டன. 2006-இல் அது தேசிய நினைவிடமானது.

ஆக, வரைபடம் இருந்தது, மதிப்பீடும் நடந்தது. நிரப்பு மண் எத்தனை ஆழம் என்ற ஒரு கேள்வியை மட்டும் யாரும் உரக்கக் கேட்கவில்லை. இதைத்தான் முதல் கட்ட அறிக்கை கையில் வந்ததும் நான் முதலில் தேடுவேன். பழைய தரைமட்டம் எங்கே, இன்றைய தரைமட்டம் எங்கே, நடுவில் இருப்பது யார் கொட்டிய மண்?

மார்ச் 4, மதியம் 1.20

"தங்கம் கிடைத்தால் யாருக்கு?" என்று கேட்டவருக்கு: நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் இன்னும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்தான். மண்ணில் மறைந்திருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்து ரூபாய். 1878-இன் பத்து ரூபாய் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

நிஜத்தில் கிடைப்பது உடைந்த பானை ஓடு, எலும்புத் துண்டு, சாம்பல், கசடு. அந்தக் காலத்துக் குப்பைக் குழிதான் எங்கள் கருவூலம்.

மார்ச் 6, இரவு 9.30

சோதனைக் குழி என்றால் என்ன செய்கிறார்கள் என்று பொறியாளர் நண்பர் கேட்டிருந்தார். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது.

ஜேசிபி வரும். ஆனால் பல் உள்ள பக்கெட் கூடாது. பல் மண்ணைக் கிழித்துவிடும், அப்புறம் எதையும் படிக்க முடியாது. வழவழப்பான விளிம்புள்ள அகல பக்கெட்டை மாட்டி, தோசை திருப்புகிற மாதிரி மெல்லிய அடுக்காகச் சீவி எடுக்க வேண்டும். பக்கத்திலேயே ஒருவர் நின்று ஒவ்வொரு சீவலையும் பார்ப்பார், கையைத் தூக்கினால் ஓட்டுநர் நிறுத்திவிடுவார். நல்ல ஓட்டுநர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நான் பார்த்த ஒருவர் மண்ணின் நிறம் மாறுவதை என்னைவிட முந்திக் கண்டுபிடித்து, பக்கெட்டை அந்தரத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். நான் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்ப்பேன்.

அப்புறம் கரணையால் தரையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, செடிக்கு மருந்தடிக்கிற தெளிப்பானில் தண்ணீர் பிடித்து லேசாகத் தெளிப்பார்கள். காய்ந்த மண்ணில் எல்லாம் ஒரே பழுப்பு. ஈரம் பட்டதும் இரண்டு நிமிஷத்துக்கு வேறுபாடு தெரியும். வெளிர் மஞ்சள் மண்ணுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் கரும்பழுப்பு வட்டம், விளிம்பில் சிறு கரித்துகள்கள். மரக்கம்பம் நட்ட குழி அது. கம்பம் மட்கிப் போய்விட்டது, அது நின்ற இடத்தின் நிறம் மட்டும் மிச்சம். ஒரு வட்டம் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. அதே இடைவெளியில் இன்னும் நாலு வட்டம் வரிசையாக வந்தால் வீடு.

இதெல்லாம் மனை முழுக்கச் செய்கிற வேலையில்லை. இங்கிலாந்தில் பொதுவாகப் பரப்பில் 2 முதல் 5 சதவீதம் வரை நீளவாட்டுக் குழிகளாகத் திறந்து பார்ப்பார்கள். பிரான்சில் 10 சதவீதம் வரை போவதுண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் உழ முடியாத நிலமென்றால் 5 மீட்டருக்கு ஒரு சிறு குழி எடுத்து, மண்ணை 6 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். 5 சதவீதம் திறந்தால் 95 சதவீதம் மூடியேதான் இருக்கிறது. நீளமான பள்ளம், பழைய பாதை, மதில் சுவர் எல்லாம் எங்காவது ஒரு குழியைக் குறுக்கிட்டுவிடும், தப்பாது. தனித்தனியாகக் கிடக்கும் கல்லறைகளும் சிறு குடியிருப்பும் இரண்டு குழிகளுக்கு நடுவில் சுகமாகத் தூங்கும். அதனால்தான் அறிக்கையில் "எதுவும் கிடைக்கவில்லை" என்று இருந்தால் அதை "எதுவும் இல்லை" என்று படிக்கக் கூடாது. இதைச் சொன்னதும் கட்டுகிறவர்கள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 7, காலை 11.15

"ரேடார் வைத்துப் பார்த்தால் குழியே தேவையில்லையே" என்கிறார் ஒருவர். விளம்பரப் படங்களில் தேவையில்லைதான்.

தரை ஊடுருவும் ரேடார் காய்ந்த மணலிலும் கல் தளத்துக்கு அடியிலும் பிரமாதமாக வேலை செய்யும். ஈரக் களிமண்ணில் அலை கொஞ்ச ஆழத்திலேயே செத்துவிடும். மண்ணின் காந்த வேறுபாட்டை அளக்கும் காந்தமானி, சுட்ட மண்ணையும் அடுப்பையும் சூளையையும் தூர்ந்த பள்ளத்தையும் நன்றாகக் காட்டும். பக்கத்தில் இரும்பு வேலியோ தகரக் கொட்டகையோ இருந்தால் அதைத் தவிர வேறொன்றையும் காட்டாது. ஒரு முறை திரையில் அழகான நேர்கோடு, இரு முனையிலும் வளைவு. கூட்டமாக நின்று பார்த்தோம். ரோமானியச் சாலை ஒன்றுதான் பாக்கி என்கிற அளவுக்குப் பேச்சு. தோண்டினால் பழைய தண்ணீர்க் குழாய்.

கருவிகள் எங்கே குழி போடலாம் என்று சொல்லும். சில சமயம் கருவியே வேண்டாம், வெயில் போதும். 2018 கோடையில் அயர்லாந்தின் பாய்ன் பள்ளத்தாக்கில் கடும் வறட்சி. நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறை மேட்டுக்குப் பக்கத்து வயலில் ஒரு பிரம்மாண்டமான வட்டம் பயிரில் பச்சையாக எழுந்தது, டிரோன் பறக்கவிட்டவர்கள் கண்ணில் பட்டது. கீழே தூர்ந்த பள்ளங்களில் ஈரம் கூடுதலாக நிற்கும், மேலே பயிர் வாடாது. அத்தனை பேர் நடந்து பார்த்த வட்டாரம் அது, உலக மரபுச் சின்னம் வேறு. எனவே வறட்சி ஆண்டில் எடுத்த வான்படம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மார்ச் 9, இரவு 8.00

"இஸ்தான்புல்லில் இதனால்தான் ரயில் நாலு வருஷம் தள்ளிப்போனது. வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை" என்று காரசாரமாக எழுதியிருக்கிறார்கள். உதாரணம் சரி, பாடம் வேறு.

இஸ்தான்புல்லின் யெனிகாபி ரயில் நிலையம் வந்த இடத்தில் பைசாந்தியக் காலத்துத் தியோடோசியஸ் துறைமுகம் இருந்தது பழைய ஆவணங்களில் உள்ள செய்தி. துறைமுகம் தூர்ந்து தோட்டமாகி, அதன் மேல் நகரம் ஏறியது. 2004-இல் அகழாய்வு தொடங்கியது. கிடைத்தவை 37 கப்பல்கள். அதற்கும் அடியில் 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய குடியிருப்பு, களிமண்ணில் மனிதக் காலடித் தடங்கள். கடலடி ரயில் பாதை 2013 அக்டோபரில்தான் திறந்தது. தூர்ந்த துறைமுகத்தில் ஒரு கப்பலாவது இருக்கும் என்று நினைப்பதற்குப் பெரிய ஞானம் வேண்டாம். முப்பத்தேழை யாரும் நினைத்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தனைக்குப் பிறகும் ரயில் ஓடுகிறது, கப்பல்களும் பதிவாகிவிட்டன.

கிரேக்கத்தின் தெசலோனிக்கி மெட்ரோ கதை இதைவிட நீளம். 2006-இல் தொடங்கி 2024 நவம்பர் 30-இல் முதல் ரயில். வெனிசெலூ நிலையத்தில் பழைய நகரத்தின் கடைவீதிச் சந்திப்பே கிடைத்தது. பெயர்த்தெடுப்பதா, அங்கேயே விட்டு நிலையத்தைக் கட்டுவதா என்று வருஷக்கணக்கில் சண்டை. கடைசியில் பெயர்த்தெடுத்து, நிலையம் கட்டி, திரும்பவும் உள்ளே வைத்தார்கள். முழுத் தாமதத்தையும் தொல்லியல் தலையில் கட்டாதீர்கள், பண நெருக்கடியும் ஒப்பந்தத் தகராறும் அதில் நிறைய உண்டு.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது லண்டன், 1989. ஒரு அலுவலகக் கட்டடத்துக்குத் தோண்டும்போது 1587-இல் கட்டிய ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. அனுமதி எல்லாம் வாங்கியாகிவிட்டது. நடிகர்களும் பொதுமக்களும் மண்வாரி இயந்திரத்தின் முன் போய் நின்றார்கள். கடைசியில் அடித்தளத்தைத் தாண்டிக் கட்டடம் நிற்கும்படி வடிவமைப்பை மாற்றினார்கள், பெருஞ்செலவில். அடுத்த ஆண்டு, 1990 நவம்பரில், இங்கிலாந்து அரசு ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே, முடிவெடுப்பதற்கு முன், மண்ணில் என்ன இருக்கிறது என்று விண்ணப்பிப்பவர் காட்ட வேண்டும். பெயர்கள் பலமுறை மாறினாலும் அந்த வரிசை மாறவில்லை. இன்று பல நாடுகளில் பின்பற்றுவதும் அதே வரிசைதான்.

மார்ச் 9, இரவு 8.25

மேலே "மண்வாரி இயந்திரத்தின் முன் நின்றார்கள்" என்பதைப் படித்துவிட்டு அதையே யோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் ஒரு மதிப்பீட்டு முறைதான், ஆனால் கடைசிக் கட்டம்.

மார்ச் 12, மாலை 5.50

செலவு யாருடையது? ஐரோப்பாவில் தொல்லியல் மரபைக் காப்பதற்கான 1992-இன் வல்லெட்டா உடன்படிக்கைக்குப் பிறகு பொதுவான நிலை: மண்ணைக் கிளறப் போகிறவர்தான் ஆய்வுக்கும் வழி செய்ய வேண்டும். ஜப்பானிலும் பெரும்பாலும் கட்டுகிறவர்தான் கொடுக்கிறார், பதிவான தொல்லிடத்தில் தோண்டுவதென்றால் 60 நாளைக்கு முன்பே தெரிவிக்கவும் வேண்டும். பிரான்ஸ் வேறு வழி பிடித்தது. 2001-இல் தனிச் சட்டம், 2002-இல் இன்ராப் என்ற பொது நிறுவனம், கட்டுமானங்களிடம் வசூலிக்கும் வரியிலிருந்து முதற்கட்டச் சோதனைக்குப் பணம்.

பிரான்ஸ் முறை எனக்கு ஏன் பிடிக்கிறது என்றால், மற்ற இடங்களில் அறிக்கைக்குக் காசு கொடுப்பவரும் அறிக்கையால் பாதிக்கப்படுபவரும் ஒரே ஆள். ஒரு நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில் மனையின் ஒரு பகுதிக்கு "நடுத்தர வாய்ப்பு" என்று போட்டிருந்தேன். அதைக் "குறைந்த வாய்ப்பு" ஆக்கித் தரும்படி மிக மரியாதையாகக் கேட்டார்கள். மிரட்டல் எதுவும் இல்லை. "அடுத்த திட்டமும் உங்களுக்குத்தான் சார்" என்றார்கள், சிரித்துக்கொண்டே. மாற்றவில்லை. மாற்றாததற்கு என் வீரம் மட்டும் காரணமில்லை. அறிக்கையைப் படித்து, ஆதாரம் கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடிய ஒரு அரசுத் தொல்லியலாளர் மேலே இருந்தார், அவரை எனக்கும் பயம். அந்த இரண்டாவது ஜோடிக் கண் இல்லாத இடங்களில் எல்லா மனையும் "குறைந்த வாய்ப்பு" மனையாகிவிடும்.

அடுத்த திட்டம் எனக்கு வரவில்லை.

மார்ச் 15, காலை 6.30

முதல் குறிப்பில் "கீழே இருப்பதை அப்படியே விடுவது" என்று ஒரே வரியில் தாண்டினேன். பொறியாளர் நண்பர் பிடித்துக்கொண்டார்: பைல்தானே, துளை போட்டு இறக்கினால் நடுவில் உள்ளதெல்லாம் பத்திரமாக இருக்கும், அப்புறம் என்ன கவலை?

இங்கிலாந்தின் யார்க் நகரம் இந்தக் கேள்வியோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஒரு தோராயக் கணக்கு: புதுக் கட்டடத்தின் அஸ்திவாரம் அடியிலுள்ள பழைய அடுக்குகளில் 5 சதவீதத்துக்கு மேல் கெடுக்கக் கூடாது. பார்க்க நல்ல கணக்கு. ஆனால் பைல் இறங்கும்போது சுற்றியுள்ள மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த 5 சதவீதம் சிதறலாக இருந்தால், பின்னால் வருகிறவர் நடுவில் மிஞ்சிய துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் படிக்கவும் முடியாது.

அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். லண்டனில் ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் தலைமையகத்துக்காக 2010 முதல் 2014 வரை நடந்த அகழாய்வில் 405 ரோமானிய மர எழுத்துப் பலகைகள் கிடைத்தன. ஒன்றில் கி.பி. 57 ஜனவரி 8 என்று தேதி போட்டுக் கடன் விவரம். மரம் இத்தனை காலம் நின்றதற்குக் காரணம், பழைய வால்ப்ரூக் ஓடையின் சேறு காற்றுப் புகாமல் நனைந்தே இருந்ததுதான். அந்த நீர்மட்டம் இறங்கினால் மேலே ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் கீழே எல்லாம் மட்கிவிடும். யார்க்ஷயரின் ஸ்டார் கார் அப்படித்தான். 11,000 ஆண்டுக்கு முந்தைய வேட்டைக்காரர் இடம், 1949-இல் தோண்டியபோது எலும்பும் மரமும் அருமையாக இருந்தன. இந்த நூற்றாண்டில் மறுபடி திறந்தபோது, சுற்று நிலத்தின் வடிகாலால் மண் காய்ந்து அமிலமாகி, சில எலும்புகள் களி போலக் குழைந்திருந்தன. ரோஸ் அரங்கின் எச்சங்களை மணலாலும் நீராலும் மூடி ஈரத்தைக் கண்காணித்து வருவதும் இதே பயத்தில்தான்.

எனவே நண்பரே, பேஸ்மென்ட்டை உலர வைக்க நீங்கள் ஓட்டப்போகும் பம்பு எந்த மட்டத்துக்கு நீரை இறக்கும் என்ற எண்ணும் மதிப்பீட்டில் இருக்க வேண்டும். அது இல்லாமல் "அப்படியே விட்டுவிட்டோம்" என்பது நல்லெண்ணம் மட்டும்தான். சில சமயம் அகழ்ந்து எடுத்துவிடுவதே மேல் என்ற பக்கம் நான் மெல்லச் சாய்ந்துகொண்டிருக்கிறேன், முன்பு அப்படி நினைத்ததில்லை.

மார்ச் 16, இரவு 11.10

"நினைவுச் சின்னத்திலிருந்து 300 மீட்டர் தாண்டிவிட்டால் எந்தக் கவலையும் இல்லை, சட்டமே அதுதான்" என்று இந்தியாவிலிருந்து ஒருவர்.

அது 2010-இல் திருத்திய சட்டம். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதைத் தாண்டி 200 மீட்டர் கட்டுப்பாடு. வட்டத்தின் நடுவில் ஏற்கெனவே தெரிந்த ஒரு சின்னம் நிற்க வேண்டும். தெரியாதவற்றுக்கு வட்டம் யார் போடுவது? அந்தச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மண்ணுக்குள் பார்த்ததாக நினைக்கக் கூடாது. இதே நாட்டில் நாகார்ஜுனசாகர் அணைக்கு முன் 1954-இலிருந்து 1960 வரை நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கு முழுவதையும் அகழ்ந்து, சில கட்டடங்களைப் பெயர்த்து மேட்டில் மறுபடி நிறுத்தினார்கள். நீர் ஏறும் நாள் தெரிந்திருந்ததால் வரிசையும் சரியாக இருந்தது. தனி மனைக்கு அப்படி யாரும் நாள் குறிப்பதில்லை.

மார்ச் 20, மாலை 4.40

இத்தனை நாளாக மண்ணைப் பற்றியே பேசிவிட்டேன். கேள்வியில் "பண்பாட்டு" என்று இன்னொரு பாதி இருக்கிறது, பல அறிக்கைகளில் அது கடைசிப் பக்கத்தில் அரை பத்தி.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் கோர்ஜ் தெரிந்திருக்கும். 46,000 ஆண்டு மனித வாழ்வின் தடயமுள்ள பாறைக் குகைகள். 2020 மே மாதம் ரியோ டின்டோ என்ற நிறுவனம் சுரங்கத்துக்காக அவற்றுக்கு வெடி வைத்தது. கட்டடம் இல்லை, சுரங்கம்தான், ஆனால் வரிசைக் கதை அதேதான். அனுமதி வந்தது 2013-இல். முழு அகழாய்வு நடந்தது 2014-இல். அப்போதுதான் 28,000 ஆண்டுப் பழைய கங்காரு எலும்புக் கருவி, 4,000 ஆண்டுக்கு முந்தைய முடியால் பின்னிய கயிற்றுத் துண்டு எல்லாம் கிடைத்தன. அந்த முடியின் மரபணு அந்த நிலத்தின் பூர்வகுடிகளான இன்றைய புட்டு குந்தி குர்ராமா, பினிகுரா மக்களோடு ஒத்துப்போனது. இத்தனை தெரிந்த பிறகும், கொடுத்த அனுமதியை மறுபடி பரிசீலிக்க அந்த மாநிலத்தின் 1972-ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டத்தில் அந்த மக்களுக்கு அப்போது வழியே இருக்கவில்லை. சட்டப்படி எல்லாம் சரி. நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பதவியை விட்டுப் போக வேண்டி வந்தது, குகைகள் போனது போனதுதான்.

காட்சியும் கணக்கில் வரும். ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு ஒரு பாலத்தால் 2009-இல் உலக மரபுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகம் 2021-இல், கரையோரப் புதுக் கட்டுமானங்களால். இரண்டிலும் எதையும் தோண்டிக் கெடுத்ததல்ல முக்கியக் குற்றச்சாட்டு, இடத்தின் தோற்றத்தையும் பொருளையும் கெடுத்தது.

அப்புறம் ஆட்களிடம் கேட்பது. இதைப் பெரிதாக நெகிழ்ந்து எழுத வேண்டாம், வேலைக்கு உதவுகிற தகவல் கிடைக்கும் என்பதற்காகவே கேட்கலாம். ஒரு மனையின் மேற்பரப்பு முழுக்கப் பழைய பானை ஓடுகள். எங்களுக்கு ஒரே உற்சாகம், அறிக்கையின் தலைப்பே மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது. வேலிக்கு வெளியே நின்ற லாரி ஓட்டுநர் ஒருவர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். "அது இந்த மண் இல்லீங்களே, நானே கொட்டினது" என்றார். ஆற்றங்கரைப் பக்கம் குளம் வெட்டிய மண்ணைப் பள்ளம் நிரப்பக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். மனையில் ஒன்றுமில்லை, குளம் வெட்டிய இடத்தில்தான் ஏதோ போயிருக்கிறது. எந்த வரைபடத்திலும் இந்தத் தகவல் கிடையாது.

மார்ச் 21, காலை 9.00

"ஓட்டுநர்களை வைத்தே தொல்லியல் நடத்திவிடலாம் போலிருக்கிறதே" என்றவருக்கு: சம்பளத்தைக் கேட்டால் அவர்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 2, இரவு 9.45

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். முதல் கட்ட அறிக்கை கிடைத்துவிட்டது, வடகிழக்கு மூலையில் மட்டும் சோதனைக் குழி போடச் சொல்கிறார்கள், மற்ற இடத்துக்கு "குறைந்த வாய்ப்பு", ஒப்புக்கொள்ளலாமா என்கிறார்.

குழிக்கு ஒப்புக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற பகுதி ஏன் குறைவு? "முந்தைய கட்டுமானத்தால் அழிந்திருக்கும்" என்று மட்டும் இருந்தால் போதாது, அந்தக் கட்டுமானத்தின் ஆழமும் நிரப்பு மண்ணின் ஆழமும் எண்ணாக வேண்டும். குழி கன்னி மண் (மனிதர் கை படாத இயற்கை மண்) வரை போகுமா, நடுவில் நிறுத்திவிடுவார்களா? ஏதாவது தென்பட்டால் அடுத்த கட்டத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பதை இப்போதே தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டுமான ஒப்பந்தத்தில், எதிர்பாராமல் ஏதாவது வெளிப்பட்டால் யார் வேலையை நிறுத்துவது, யாருக்குச் சொல்வது, நின்ற நாட்களின் கூலி யார் தலையில் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் தளத்தில் இருப்பவர்கள் அவசரமாக மூடிவிடுவார்கள், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்று. அஸ்திவாரத்துக்காக மண் பரிசோதனைத் துளை எப்படியும் போடப்போகிறீர்கள். அன்றைக்கே தொல்லியலாளரையும் வரச் சொல்லுங்கள். வெளியே வருகிற மண் உருளைகளைப் பொறியாளர் தாங்குதிறனுக்காகப் பார்ப்பார், பக்கத்திலேயே இவர் கரியும் சுட்ட மண்ணும் ஓட்டுத் துகளும் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரே துளை, தனிச் செலவு அதிகமில்லை. உருளைகளைத் தூக்கிப் போட்டுவிடாமல் பெட்டியில் ஆழம் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

பைல் வரைபடம் இன்னும் இறுதியாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குழி முடிவு வரும் வரை அதை அப்படியே வைத்திருங்கள்.